பந்தும் பணயமும்

சீர்காழியில் மாலை வேளையில் எந்த டீக்கடைப் பலகையில் உட்கார்ந்தாலும், நடவையும் வாய்க்கால் தண்ணீரையும் பற்றிய பேச்சுக்கு அடுத்தபடியாகக் காதில் விழுவது பந்தாட்டப் பேச்சேயாகும். நாலைந்து வாலிபர்கள் ஒரு செல்போனைச் சுற்றிக் கூடியிருப்பார்கள். முழங்காலில் அடிபட்டவனை இவ்வளவு சீக்கிரம் களத்தில் இறக்கியது அநியாயம் என்பான் ஒருவன். குற்றம் ஆட்டக்காரனுடையதன்று, அவனை இறக்கிய பயிற்சியாளருடையது என்பான் இன்னொருவன். இருவரையும் கேட்டுக்கொண்டிருந்த மூன்றாமவன், அவனை நம்பி வைத்த பணம் போயிற்றே என்று பெருமூச்சு விடுவான். முதல் இருவர் பேசியது விளையாட்டைப் பற்றி. மூன்றாமவன் பேசியது விளையாட்டைப் பற்றியன்று. ஆயினும் இம்மூன்றும் ஒரே பலகையில், ஒரே மூச்சில், ஒரே விஷயம்போலப் பேசப்பட்டு வருகின்றன. இந்தக் கலப்படத்தைப் பற்றியே இன்று நாம் எழுதத் துணிந்தோம்.

பந்தாட்டப் பேச்சே வீண் பேச்சு என்று கருதும் பெரியோர் சிலர் உண்டு. அவர்களுடைய கக்ஷியை நாம் ஏற்பதற்கில்லை. தான் ஒரு காசும் பெறாத காரியத்தில், தான் முகமறியாத ஒருவனுடைய முழங்காலைக் குறித்து ஒரு வாலிபன் கவலைப்படுகிறான் என்றால், அது நல்ல மனத்தின் அடையாளமேயன்றி வேறில்லை. பயிற்சியாளரின் முடிவைக் காரணகாரியத்தோடு கண்டிக்கக் கற்றவன், நாளை முனிசிபாலிடியின் முடிவையும் அவ்வாறே கண்டிக்கக் கற்பான். சுதந்திர நாட்டின் பிரஜைக்கு வேண்டிய பயிற்சிகளில் இதுவும் ஒன்று. ஆகவே பேச்சு வளரட்டும். அது எதைப் பற்றிய பேச்சாக இருக்கிறது என்பதே கேள்வி.

காயத்தைப் பற்றி ரசிகர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் நம் நாட்டில் ஏராளமாக உள்ளன. 2004-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி பெங்களூரில் நடந்த பெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில், டெம்போ அணியின் பிரேசில் நாட்டு வீரர் கிறிஸ்தியானோ ஜூனியர் கோல் அடித்த அதே கணத்தில் எதிரணிக் கோல்காப்பாளரோடு மோதி விழுந்து உயிர் துறந்தார். தேசத்தின் பெரிய போட்டியொன்றின் இறுதி ஆட்டத்திலேயே உடனடி வைத்திய வசதி போதாமல் இருந்தது என்ற கண்டனம் அப்பொழுது நாடெங்கும் எழுந்தது. குமரி முனைக் கடற்கரைக் கிராமத்திலிருந்து எழுந்து, தேசிய அணி வரை சென்ற மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் இந்தியன் சூப்பர் லீக் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தால் வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதும் அவருக்கு இல்லையென்றாயிற்று. முழங்காலின் உள்ளிருக்கும் குறுக்குத் தசைநார் அறுந்தால், அறுவைச் சிகிச்சைக்குப் பின் களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதத்துக்குக் குறையாமல் காத்திருப்பதே நலம் என்பது வைத்தியர்களின் பொதுவான அபிப்பிராயம். அவசரப்பட்டுத் திரும்பியவனுக்கு அதே நார் மீண்டும் அறுபடும் அபாயம் அதிகம்.

இவையெல்லாம் சம்பளம் பெற்று ஆடும் வீரர்களின் கதை. சம்பளம் இல்லாதவர்களின் கதை இதனினும் துயரமானது. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி, கால்பந்து வீராங்கனை, முழங்கால் தசைநார்ச் சிகிச்சைக்காக அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். அறுவைக்குப் பின் இறுகக் கட்டிய கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டது. காலை எடுத்தும் உயிரைக் காக்க முடியவில்லை. விசாரணை நடந்தது. வைத்தியர்கள்மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. பந்தை உதைக்கப் பிறந்த கால் ஒன்று அவ்வாறு போயிற்று. இதைப் பற்றி நம் ரசிகர்கள் எத்தனை நாள் பேசினார்கள்? ஐரோப்பாவில் ஆடும் ஒரு வீரனின் கணுக்கால் சுளுக்கைப் பற்றிப் பேசிய அளவாவது பேசினார்களா?

பயிற்சியாளர் விஷயத்திலும் பேசத்தக்கது நிறைய உண்டு. 2019-ம் வருஷக் கடைசியில் பட்டியலின் அடிப்பக்கத்தில் தத்தளித்த சென்னையின் அணியை ஓவன் காயில் ஏற்று, அதே பருவத்தில் இறுதி ஆட்டம் வரை கொண்டு சென்றார். அதே மனிதர் 2023-ல் மீண்டும் வந்தபோது, 2024-25 பருவத்தில் அணி அடுத்த கட்டத்துக்கே தகுதி பெறவில்லை. பயிற்சியாளரின் மதியா, கையிலுள்ள ஆட்களா, அணியின் பணமா, எது காரணம் என்று வாதிப்பதில் ரசம் உண்டு, பயனும் உண்டு. 2024-ல் ஓய்வு பெற்ற சுனில் சேத்திரியை மறு வருஷமே தேசிய அணிக்குத் திருப்பி அழைத்தார்கள். நாற்பது வயதுக்காரரை மறுபடி அழைக்கும்படி நேர்ந்ததென்றால், இருபது வயதுக்காரர்களை நாம் எங்கே, எப்படி வளர்த்தோம் என்று கேட்பது ரசிகனுடைய உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். அந்தத் தகுதிச் சுற்றில் இந்தியா 2027 ஆசியக் கோப்பைக்குத் தேறவில்லை என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி மூன்றாமவனிடம் வருவோம். அவன் கெட்டவன் அல்லன். அவனை இழுத்த வலை எவ்வாறு பின்னப்பட்டது என்பதை முதலில் அறிய வேண்டும். பல வருஷங்கள் நம் நாட்டில் கொடிகட்டிப் பறந்த செயலிகளின் ஏற்பாடு இதுதான். இரு அணிகளிலிருந்தும் பதினொரு பேரை ஒரு வரம்புக்குட்பட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொருவனும் களத்தில் செய்யும் காரியத்துக்குப் புள்ளிகள் கிடைக்கும். ஒருவனைத் தலைவனாகக் குறித்தால் அவனுடைய புள்ளிகள் இரட்டிப்பாகும். சில ரூபாய் கட்டி இதில் சேர்பவர்கள் லட்சக்கணக்கானோர். பெரும் பரிசு கிடைப்பது விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்கே. இதில் தன் தலைவனாகக் குறித்தவன் இருபதாவது நிமிஷத்தில் கீழே விழுந்து புரளும்போது, அந்த வாலிபன் மனத்தில் முதலில் எழுவது இரக்கமா? இரட்டிப்பு போயிற்றே என்ற ஆத்திரமா? ஆட்டக்காரனுடைய எலும்பு முறிந்த ஓசையைத் தன் பையில் ஓட்டை விழுந்த ஓசையாகக் கேட்கப் பழகியவன், அன்றே ரசிகன் என்ற பெயரை இழந்தான்.

பயிற்சியாளர் பேச்சும் அவ்வாறே கெடுகிறது. களைத்த ஒருவனை ஓய்வுக்காக உட்கார வைப்பது வைத்தியத்துக்கும் விவேகத்துக்கும் ஒத்த காரியம். அந்தச் செய்தி ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியானதும், பணம் வைத்தவனுக்கு அது துரோகமாகத் தோன்றுகிறது. பயிற்சியாளர் எவனிடமோ பணம் வாங்கிவிட்டார் என்று சந்தேகிக்கிறான். தோல்விக்கெல்லாம் சதியே காரணம் என்று எண்ணும் மனம் இவ்வாறுதான் உண்டாகிறது. அது பந்தாட்டத்தோடு நிற்பதில்லை. ஊர்க் காரியத்திலும், தேர்தலிலும், கோர்ட்டுத் தீர்ப்பிலும் எல்லோரும் விலைபோனவர்களே என்று நம்பும் நோயாக அது பரவும்.

இந்தச் சந்தேகம் முழுதும் ஆதாரமற்றது என்றும் சொல்ல முடியவில்லையே என்பதுதான் துக்கம். அமெரிக்காவில் ஜான்டே போர்ட்டர் என்ற கூடைப்பந்து வீரர், தம்முடைய உடல்நிலை பற்றிய இரகசியத்தைப் பந்தயக்காரர்களுக்குத் தெரிவித்தார். பிறகு காயமென்றும் சுகவீனமென்றும் காரணம் காட்டி ஆட்டத்தின் நடுவே வெளியேறி, தாம் சோபிக்கமாட்டார் என்று பணம் கட்டியவர்களுக்கு லாபம் தேடிக் கொடுத்தார். 2024 ஏப்ரலில் அந்த லீக் அவரை ஆயுட்காலத்துக்கு விலக்கியது. கோர்ட்டில் அவர் குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். அவர் ஏற்கெனவே சூதாட்டக் கடனில் மூழ்கியவர் என்பது கவனிக்கத்தக்கது. காயம் என்பது அனுதாபத்துக்குரியதாக இருந்த காலம் போய், சந்தையில் விற்கும் சரக்காக மாறும்போது, உண்மையாகவே காயம்பட்டவனையும் உலகம் நம்பாமற் போகும்.

இதில் தண்டனை பெற்றவர்கள் ஆட்டக்காரர்களே. லீக்குகளும் கிளப்புகளும் என்ன செய்தன? கையில் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீக், 2021 ஏப்ரலில் மூன்று பந்தயக் கம்பெனிகளோடு கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. மறு வருஷம் மார்ச்சில், சுமார் 1,500 டாலர் பந்தயம் வைத்த கால்வின் ரிட்லி என்ற வீரரை ஒரு பருவம் முழுவதும் விலக்கி வைத்தது. இங்கிலாந்தில் ஐவன் டோனி என்ற கால்பந்து வீரர் பந்தய விதிகளை 232 முறை மீறியதற்காக 2023 மே மாதத்தில் எட்டு மாதம் தடை செய்யப்பட்டார். அவர் கோலடித்தபோது அணிந்திருந்த சட்டையின் மார்பில் பொறித்திருந்தது ஒரு பந்தயக் கம்பெனியின் பெயர்! ஆட்டக்காரன் பந்தயம் வைக்கலாகாது என்பதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. விதி விதிதான். ஆனால் கள்ளுக்கடையை வாடகைக்கு விட்டுவிட்டு, குடித்தவனை மட்டும் சாட்டையால் அடிக்கும் நிலச்சுவான்தாரை நம் கிராமத்தார் என்ன சொல்வார்களோ, அதையே இந்த லீக்குகளையும் சொல்ல வேண்டும். 2025-26 பருவத்தின் முடிவோடு சட்டையின் மார்பிலிருந்து பந்தயப் பெயர்களை நீக்குவதென்று இங்கிலாந்தின் பிரிமியர் லீக் கிளப்புகள் 2023-ல் தீர்மானித்தன. சட்டைக் கையையும் மைதான வேலியையும் அத்தீர்மானம் தொடவில்லை.

பிறரைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள இடமில்லை. 2013-ல் ஐ.பி.எல். கிரிக்கெட்டில் வெளிப்பட்ட பந்தய விவகாரத்தின் முடிவில், 2015 ஜூலையில் லோதா குழுவின் தீர்ப்பால் நமது சென்னை அணியே இரண்டு வருஷம் ஆட முடியாமற் போயிற்று. அதற்குப் பிறகாவது பாடம் கற்றோமா? பணம் வைத்து ஆடும் செயலியொன்றின் பெயர் தேசிய கிரிக்கெட் அணியின் மார்பிலேயே ஏறியது. அந்நிய நாட்டுப் பந்தயக் கம்பெனிகள் செய்திப் பத்திரிகைபோல வேஷமிட்டு விளம்பரம் செய்தன. இந்த மாறுவேஷ விளம்பரங்களை ஏற்கலாகாதென்று 2022-ல் ஜூனிலும் அக்டோபரிலும் மத்திய சர்க்கார் எச்சரிக்க நேர்ந்தது.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் நெடுங்காலமாகப் போராடி வரும் நாடு. 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தோம். அது திறமைக்குரிய விளையாட்டே என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2003-ல் லாட்டரியை ஒழித்தோம். செல்போன் சூதாட்டத்தைத் தடுக்கச் செய்த சட்டத்தை 2021-ல் சென்னை ஹைகோர்ட்டு தள்ளியது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் மீண்டும் செய்த சட்டத்தைக் கவர்னர் திருப்பியனுப்ப, சட்டசபை 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றியது. அதே வருஷம் நவம்பரில் ஹைகோர்ட்டு சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் மட்டும் அதன் பிடியிலிருந்து விலக்கியது. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பண விளையாட்டு கூடாதென்ற விதியை 2025 ஜூனில் அதே கோர்ட்டு உறுதி செய்தது. பின்னர் மத்திய சர்க்காரின் சட்டம் 2025 ஆகஸ்ட் 20-ந் தேதி லோக்சபையிலும், மறுநாள் ராஜ்யசபையிலும் நிறைவேறி, 22-ந் தேதி ராஷ்டிரபதியின் சம்மதம் பெற்றது. திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் பணம் வைக்கும் செல்போன் விளையாட்டுகள் யாவையும் அது தடுக்கிறது. நடத்துவோருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. விளம்பரம் செய்வோருக்கு இரண்டு வருஷமும் 50 லட்சமும் உண்டு. ஆடிக் கெட்டவனைத் தண்டிக்க அதில் இடமில்லை. வலை வீசியவனைப் பிடித்து, வலையில் விழுந்தவனை விட்டுவிட்ட இந்த முறையை நாம் முழுமனதோடு வரவேற்கிறோம்.

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதங்களை அலட்சியம் செய்வது முறையாகாது. திறமையைத் தடுக்கலாமா என்பது முதல் வாதம். ஆட்டத்தை ஆராய்ந்து அணி தேர்வதில் திறமை உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. திறமையைக் காட்டப் பணம் எதற்கு? பணம் வைக்காமல் அணி தேர்ந்து அறிவைக் காட்டுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வரி வருமானம் போகுமே என்பது இரண்டாவது. 2023 அக்டோபர் முதல் இந்த ஆட்டங்களில் கட்டும் தொகைமீது நூற்றுக்கு 28 வீதம் வரி போடப்பட்டது மெய்தான். 45 கோடி ஜனங்கள் ஆண்டொன்றுக்குச் சுமார் 20,000 கோடி ரூபாய் இழப்பதாகச் சர்க்கார் தரப்பிலேயே மதிப்பிட்டிருக்கையில், அந்த இழப்பில் பங்கு கேட்கும் கஜானாவை நல்ல கஜானா என்று யார் சொல்வர்?

மூன்றாவது வாதம் கனமானது. தடுத்தால் மறைவில் நடக்கும், ஆகவே அனுமதித்து ஒழுங்கு செய்வதே மேல் என்பது அது. பெயர்பெற்ற நீதிபதிகள் இருந்த லோதா குழு 2016-ல் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கலாம் என்றே யோசனை கூறியது. 2018-ல் சட்டக் கமிஷனும், முற்றிலும் தடுக்க இயலாவிடில் ஒழுங்கு செய்யலாம் என்றது. மறைவான பந்தயம் இன்றும் இருக்கிறது என்பதையும், அந்நிய நாட்டுச் செயலிகள் வேறு பெயரில் நுழைகின்றன என்பதையும் நாம் அறியாமலில்லை. ஆயினும் அனுமதித்த தேசங்களில் நிகழ்ந்தவற்றையே மேலே கண்டோம். அங்கே பந்தயம் ஒழுங்குக்கு வந்ததோ இல்லையோ, ஆட்டம் பந்தயத்தின் ஆட்சிக்குள் வந்துவிட்டது. மறைவில் நடக்கும் தீமையைப் போலீஸார் தேடிப் பிடிக்கலாம். மார்பில் பொறித்த தீமையைப் பிடிப்பது எவ்வாறு?

ஆனால் தடை மட்டும் போதாது. கால்பந்தையே எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலையில், வியாபார ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத காரணத்தால் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. சில கிளப்புகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்தின. வேர் இல்லாமல் விளம்பரத்தை நம்பி வளர்ந்த மரத்தின் கதி இதுதான். ஆகவே சூதுப் பணம் போன இடத்தை நல்ல பணம் நிரப்ப வேண்டும். லீக்குகளும் சங்கங்களும் மூன்று காரியங்களைச் செய்யட்டும். காயம்பட்டவர் யார், எவ்வளவு காலம் ஆடமாட்டார் என்பதை எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பகிரங்கமாக அறிவிக்கட்டும். இரகசியமில்லாத இடத்தில் விற்கச் சரக்கில்லை. எவனை இறக்கலாம் என்பதில் வைத்தியருடைய சொல், பயிற்சியாளருடைய சொல்லுக்கு மேற்பட்டதாக இருக்கட்டும். தலையில் அடிபட்டவன் அன்று மீண்டும் களத்தில் இறங்கலாகாது என்பதைச் சிறு ஊர்ப் போட்டி வரையில் கண்டிப்பாக நடத்தட்டும்.

நமது சீர்காழிக்கும் இதில் பங்கு உண்டு. மயிலாடுதுறை ஜில்லா 2020 டிசம்பரில் பிறந்த புதிய ஜில்லா. அதன் அதிகாரிகளிடம் நாம் கேட்பது அடுக்குமாடி ஸ்டேடியமன்று. மழைத் தண்ணீர் வடியும் ஒரு மைதானம், சம்பளத்தோடு கூடிய ஒரு பயிற்சியாளர், எந்தப் போட்டியானாலும் ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு தூக்குக் கட்டில், எலும்பு முறிந்தால் கட்டத் தெரிந்த ஒருவர், இவ்வளவே. பொங்கல் கபடிப் போட்டிக்கு வெற்றிக் கோப்பை வழங்க முன்வரும் தனவந்தர்கள், கோப்பையின் உயரத்தைச் சிறிது குறைத்துக்கொண்டாலும் இதற்குப் பணம் கிடைக்கும்.

கடைசியாக, பலகையிலிருக்கும் மூன்றாமவனுக்கு ஒரு வார்த்தை. உன் தகப்பனார் கடைமடை விவசாயி. மேட்டூர் அணை ஜூன் 12-ந் தேதி திறக்குமா, தண்ணீர் கொள்ளிடத்தின் இக்கரைக் கடைசி வாய்க்கால் வரை வருமா என்று ஆண்டுதோறும் ஏங்குபவர். 2022 நவம்பர் 11-ந் தேதி ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டி இவ்வூர் வயல்களையெல்லாம் ஏரியாக்கியபோது, போட்ட முதலை நீரில் பார்த்துக்கொண்டு நின்றவர். அவர் வைத்த பணயம் அவராக விரும்பி வைத்ததன்று. மண் கேட்டது, வைத்தார். தோற்றாலும் மறு வருஷம் ஊருக்குச் சோறு போட மீண்டும் விதைத்தார். நீ வைக்கும் பணயத்தில் யாருக்கு ஒரு பிடி நெல் விளைகிறது? தருமபுத்திரன் நாட்டையும் நளன் மகுடத்தையும் தோற்ற கதைகளைத் தெருக்கூத்தில் கேட்டு வளர்ந்த ஊர் நமது ஊர். வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார்.

ஆட்டத்தைப் பார். அடிபட்டவனுக்காக வருந்து. பயிற்சியாளரோடு மனதாரச் சண்டையிடு. பணத்தை மட்டும் பையிலேயே வைத்திரு. காசு வைக்காதவன் கண்ணுக்கே ஆட்டம் முழுதாகத் தெரியும் என்பதை நீயே விரைவில் காண்பாய். உன்னோடு பலகையில் இருக்கும் மற்ற இருவரும், நீ பணம் தோற்ற செய்தியைக் கேட்டுச் சிரிக்காமல், உன் கையைப் பிடித்து மைதானத்துக்கு அழைத்துப் போவார்களாக. சட்டம் செய்ய முடியாத வேலையைச் சிநேகிதம் செய்யும் என்பதே நமது நம்பிக்கை.